நான்கு போல்ட், இரண்டு பலகை, ஒரு கூடை இலை

இலை உதிரத் தொடங்கிவிட்டால் எங்கள் வீட்டு வாசல் கதவோரம் ஒரு கூடை வந்து உட்கார்ந்துவிடும். ஆறு வயது மூத்தவளும் மூன்று வயது சின்னவனும் வெளியே போய்வரும்போதெல்லாம் கைநிறையப் பொறுக்கிவந்து அதில் போடுவார்கள். மறுநாள் மாலைக்குள் எல்லாம் சுருண்டு, தொட்டால் பொடியாகிற நிலைக்கு வந்துவிடும். "என் சிவப்பு இலை எங்கேம்மா?" என்று மூத்தவள் கேட்டபோது, அவள் கையில் இருந்ததுதான் அந்த இலை. நிறம் போய்விட்டதால் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. இந்த வருஷம் ஒழுங்காக அழுத்திக் காயவைத்துவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

முதல் முயற்சி கெட்டுப்போனது. மழை விட்ட மறுநாள் பொறுக்கிய மேப்பிள், செர்ரி இலைகளைத் துணியால் லேசாகத் துடைத்து, பழைய வழவழப்பான பத்திரிகை ஒன்றின் பக்கங்களுக்கு நடுவில் வைத்து, மேலே நாலு தடித்த புத்தகங்களை அடுக்கினோம். ஆறாம் நாள் பிரித்ததும் ஈர மண்ணின் வாசனை அடித்தது. பாதி இலைகள் கறுத்திருந்தன. மீதியில் சாம்பல் நிறத்தில் பூஞ்சை படர்ந்திருந்தது. மூத்தவள் அழுதுவிட்டாள். பத்திரிகையோடு சேர்த்து மொத்தத்தையும் பையில் கட்டி வெளியே போட்டேன். பூஞ்சை பிடித்ததைக் குழந்தைகள் முன்னால் உதறிப் பார்ப்பது நல்லதில்லை.

தவறு எங்கே என்று யோசித்ததில் இரண்டு விஷயங்கள் பிடிபட்டன. வழவழப்பான தாளில் பூச்சு இருப்பதால் அது ஈரத்தை உறிஞ்சாது. உறிஞ்சினாலும், இறுக மூடிய புத்தகத்துக்குள்ளிருந்து அந்த ஈரம் வெளியேற வழியில்லை. இலை மெதுவாகக் காய்ந்தால் அதிலுள்ள பொருள்கள் காற்றோடு சேர்ந்து பழுப்பாகும், பூஞ்சைக்கும் நேரம் கிடைத்துவிடும். அழுத்தம் இலையைத் தட்டையாக வைக்கிறது, அவ்வளவுதான். நிறத்தைக் காப்பாற்றுவது வேகம். இது புரிந்ததும் பலகை ஒன்று செய்துகொள்வது என்று இறங்கினேன்.

தாவரங்களை அழுத்திக் காயவைத்துத் தாளில் ஒட்டிச் சேர்க்கும் பழக்கம் பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியில் வளர்ந்தது. பைசா நகரத் தாவரத் தோட்டத்தைத் தொடங்கிய லூக்கா கினியின் பெயரைத்தான் அதற்கு முதலில் சொல்வார்கள். இன்றைக்கும் ஆய்வாளர்கள் பயன்படுத்தும் அமைப்பு பெரிதாக மாறிவிடவில்லை: இரண்டு பலகை, நடுவில் ஈரம் உறிஞ்சும் தாள், காற்றுப் போக நெளி அட்டை, வெளியே இறுக்க ஒரு வழி. நான் செய்ததும் அதேதான்.

12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் 30-க்கு 22 சென்டிமீட்டர் அளவில் இரண்டு துண்டு வெட்டிக்கொண்டேன். மூலைக்கு ஒரு துளை, இரண்டு ஓரங்களிலிருந்தும் 2 சென்டிமீட்டர் உள்ளே. பென்சிலும் ஸ்கேலும் மூத்தவளிடம் கொடுத்துக் குறிக்கச் சொன்னேன். ஸ்கேலின் விளிம்பிலிருந்து அளப்பதா, பூஜ்யத்திலிருந்து அளப்பதா என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. முதல் இரண்டு புள்ளிகள் அரை சென்டிமீட்டர் தள்ளிப்போயிருந்தன, அவளே கண்டுபிடித்து அழித்துவிட்டுத் திரும்பக் குறித்தாள். ட்ரில் போடும்போது இருவரும் அப்பாவோடு அடுத்த அறைக்குப் போய்விட்டார்கள். இரண்டு பலகையையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிளாம்ப் போட்டுப் பிடித்து, அடியில் ஒரு வேண்டாத மரத்துண்டை வைத்து, ஒரே ஓட்டத்தில் துளையிட வேண்டும். தனித்தனியாகப் போட்டால் நாலு துளையும் நேராகப் பொருந்துவது கடினம். அடியில் மரத்துண்டு இல்லாவிட்டால் ட்ரில் வெளியே வரும் இடத்தில் பிளைவுட் பிய்ந்து சிலும்பாகும். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 7 மில்லிமீட்டர் துளை போட்டேன். அந்த ஒரு மில்லிமீட்டர் தளர்வு இருந்தால்தான் மேல்பலகை சிக்காமல் ஏறி இறங்கும்.

விளிம்புகளை 120 எண் உப்புத்தாளால் தேய்த்தது சின்னவன். ஒரு சின்ன மரக்கட்டையைச் சுற்றி உப்புத்தாளை மடித்துக் கொடுத்தேன். ஒரே இடத்தை இருபது நிமிஷம் தேய்த்தான். பலகையின் அந்த மூலை மட்டும் இன்றைக்கும் கன்னம் போல வழவழவென்று இருக்கிறது.

போல்ட்டில்தான் ஒரு நாள் போனது. 10 சென்டிமீட்டர் நீளம் என்பதை மட்டும் பார்த்து வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் நுனியில் இரண்டரை சென்டிமீட்டருக்குத்தான் மரை இருக்கிறது, மீதி வெறும் தண்டு. நீளமான போல்ட்டுகள் பல இப்படித்தான் வரும். அடுக்கு ஏழரை சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் இருந்தால்தான் நட்டு இறுகும், எங்கள் அடுக்கோ அதில் பாதிதான். தலையிலிருந்து நுனிவரை மரை உள்ள போல்ட்டாகப் பார்த்து மாற்றினேன். நீங்கள் செய்வதானால் இதை முதலிலேயே கேட்டு வாங்குங்கள்.

போல்ட்டைக் கீழ்ப்பலகையின் அடியிலிருந்து ஏற்றி, பலகையின் மேற்புறத்தில் ஒரு வாஷரும் சாதா நட்டும் போட்டு ஸ்பேனரால் இறுக்கிவிட்டேன். நாலு போல்ட்டும் தூண் போல அசையாமல் நின்றன. இப்படிச் செய்யாவிட்டால் மேலே நட்டைத் திருகும்போது போல்ட்டும் சேர்ந்து சுற்றும். பெரியவர்கள் ஒரு கையால் அடியில் பிடித்துக்கொள்வோம், குழந்தைக்கு அது வராது. அடியில் போல்ட் தலைகள் மேசையைக் கீறாமல் இருக்கத் தடித்த கம்பளித் துணித்துண்டுகளை அவற்றைச் சுற்றி ஒட்டினேன்.

மேலே விங் நட். சின்னவனுடைய விரல் பிடித்துத் திருக அதைவிடப் பொருத்தமானது வேறு இல்லை, இரண்டு காது இருக்கிறதே! ஆனால் நட்டும் வாஷரும் வாயில் போடுகிற அளவுதான். அதனால் விங் நட்டைப் போட்ட பிறகு, போல்ட் நுனியில் இரண்டு சாதா நட்டுகளை ஒன்றோடொன்று முட்டவிட்டு இறுக்கினேன். விங் நட் மேலே வரும், கழன்று வராது. அடுக்கை மாற்றும்போது மட்டும் நான் ஸ்பேனரால் அதைக் கழற்றுவேன், கழற்றியவை ஒரு மூடியுள்ள டப்பாவுக்குள் போகும், டப்பா என் மடியில் இருக்கும். நாளுக்கு நாலைந்து நிமிஷம் கூடுதல் வேலைதான். மூன்று வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில் அந்த நிமிஷங்களை நான் மிச்சப்படுத்த விரும்பவில்லை.

முதல் நாள் அவன் ஒரே மூலையை முடிந்த மட்டும் திருகிவிட்டான். பலகை சாய்ந்து, எதிர் மூலை தூக்கிக்கொண்டு நின்றது. ஒரு மூலைக்கு இரண்டு சுற்று, அப்புறம் குறுக்கே எதிர் மூலைக்கு இரண்டு சுற்று என்று பெருக்கல் குறி போலப் போக வேண்டும். மூத்தவள் நாலு மூலைக்கும் 1, 2, 3, 4 என்று எழுதி வைத்தாள், அவள் எண்ணைச் சொல்லச் சொல்ல அவன் திருகுவான். எண்கள் அவனுக்குத் தெரியாது, ஆனால் மூன்றாம் நாளுக்குள் எந்த மூலைக்கு என்ன பெயர் என்று பிடித்துக்கொண்டான்.

இனி அடுக்கு. கீழிருந்து மேலாக: நெளி அட்டை, மூன்று செய்தித்தாள், இலைகள், மூன்று செய்தித்தாள், மறுபடி நெளி அட்டை. இப்படி ஐந்து வரிசை. வீட்டுக்கு வந்த அட்டைப் பெட்டிகளையே வெட்டினேன். வெட்டும்போது அட்டைக்குள் ஓடும் குழாய்கள் அகலவாட்டில், அதாவது 22 சென்டிமீட்டர் பக்கமாகப் போகும்படி பார்த்துக்கொண்டேன். காற்று கடக்கும் தூரம் குறைந்தால் ஈரம் சீக்கிரம் போகும். போல்ட் இடிக்காமல் இருக்க மூலைகளை ஓரத்துக்கு 5 சென்டிமீட்டர் அளந்து சாய்வாக வெட்டிவிட வேண்டும். இலைகள் ஒன்றையொன்று தொடக்கூடாது, காம்பு ஏறிக்கிடக்கக்கூடாது. பலகையை மின்விசிறிக்கு எதிரே, குழாய்த் துளைகள் காற்றைப் பார்த்தபடி வைத்தேன். உண்மையில் இந்த ஒன்றுதான் எல்லாவற்றையும் மாற்றியது.

தாள் மாற்றுவதுதான் அடுத்த வேலை. முதல் மூன்று நாள் கண்டிப்பாகத் தினமும், அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள். பள்ளி விட்டு வந்து கைகால் கழுவியதும் எங்கள் வேலை அதுவாகிப்போனது. நான் பலகையைத் தூக்குவேன், மூத்தவள் இலைகளை நுனி மழுங்கிய இடுக்கியால் புதுத் தாளுக்கு மாற்றுவாள், சின்னவன் ஈரத் தாளைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து "ஜில்லுன்னு இருக்கு" என்பான். ஜில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. அந்தச் சோதனையை நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவனாகக் கண்டுபிடித்தது. அது சரியான சோதனையும்கூட. ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போவதால்தான் தாள் குளிர்கிறது.

மூத்தவளுக்கு எண் வேண்டும். அதனால் பத்து மேப்பிள் இலைகளை மட்டும் ஒரு வரிசையாக ஒதுக்கி, சமையலறைத் தராசில் தினமும் நிறுத்தோம். முதல் நாள் 12 கிராம். மறுநாள் 8. அப்புறம் 6, 5. ஆறாம் நாளும் ஏழாம் நாளும் 4. இரண்டு நாள் ஒரே எண் வந்தால் காய்ந்துவிட்டது என்று வைத்துக்கொண்டோம். நாள்காட்டிக் கட்டத்துக்குள் அவள் எழுதிய அந்த எண்கள் எனக்கு இலைகளைவிடப் பிரியமானவையாகிவிட்டன, ஏனென்றால் 8 மட்டும் படுத்துக்கிடக்கிறது.

விடுமுறை வரப்போகிறது என்றாலே நான் முன்பெல்லாம் ஒரே மதியத்தில் முடிகிற கைவேலைகளைத்தான் தேடுவேன். பசை, மினுமினுப்பு, இரண்டு மணி நேரம், நடுவில் ஒரு சண்டை, கடைசியில் பாதியை நானே முடித்து வைப்பது. இப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த வயதுக் குழந்தைகளுக்கு நாளுக்குப் பத்து நிமிஷமாக மூன்று வாரம் நீளுகிற வேலைதான் பொருந்துகிறது. அவர்கள் பொறுமை பத்து நிமிஷத்துக்குத் தாராளமாக வரும். மிச்சம் இருபத்துமூன்று மணி ஐம்பது நிமிஷமும் வேலை தானாக நடந்துகொண்டிருக்கிறது என்பதை அவர்கள் தூங்கும்போதும் நினைத்துக்கொள்கிறார்கள். காலையில் கண்ணைத் திறந்ததும் சின்னவன் கேட்பது "திறக்கலாமா?" என்பதுதான்.

எந்த இலை நன்றாக வந்தது என்று சொல்லிவிடுகிறேன். கிங்கோ முதல் இடம். விசிறி போன்ற அந்த மஞ்சள் இலை கிட்டத்தட்ட அப்படியே நின்றது. கிங்கோ மரம் பெரும்பாலும் ஓரிரு நாளில் மொத்தமாக உதிர்த்துவிடும், தாமதித்தால் காலடியில் நசுங்கியவைதான் கிடைக்கும். மேப்பிள் சிவப்பு விசிறிக் காற்றில் காய்ந்தபோது ஒரு படி மட்டும் அடர்ந்தது. பிர்ச் மெல்லியது, நாலே நாளில் தயார். ஓக் தடிமன், அதில் டானின் என்கிற துவர்ப்புப் பொருள் அதிகம், எப்படிச் செய்தாலும் பழுப்புதான். ஆனால் நரம்புகள் அழகு, விடவேண்டாம். மரத்திலிருந்து அன்றைக்கு விழுந்த, இன்னும் வளையக்கூடிய இலையாக எடுப்பது நல்லது. காலைப் பனி உலர்ந்த பிறகு, மதியத்தில் பொறுக்குங்கள். இஸ்திரிப் பெட்டியாலும் ஒருமுறை செய்துபார்த்தேன். நிறம் நிற்கிறது, ஆனால் சீக்கிரம் நொறுங்குகிறது. சுடும் பெட்டிக்குப் பக்கத்தில் சின்னவனை நிறுத்தி வைக்கவும் எனக்கு மனமில்லை.

பாதி பச்சை, பாதி மஞ்சளாக இருந்த ஓர் இலையைப் பார்த்துத்தான் மூத்தவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். "பச்சை எங்கேம்மா போச்சு?"

சரி, காட்டிவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை ஒதுக்கினோம். பச்சை இலைகளைப் பொடிப்பொடியாகக் கத்தரித்து ஒரு கண்ணாடி டம்ளரில் போட்டு, மூழ்கும் அளவு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஊற்றி, மூடி, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் அரை மணி நேரம் நிறுத்தி வைத்தேன். இது எளிதில் தீப்பற்றும். அதனால் அடுப்பு அணைந்திருக்க வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும், ஊற்றுவது பெரியவர் கையாக இருக்க வேண்டும். திரவம் அடர்பச்சை ஆனதும் வடிதாளை விரல் அகலத்துக்கு நறுக்கி, நுனி மட்டும் தொடும்படி தொங்கவிட்டோம். பச்சை மெல்ல ஏறியது. ஒரு மணி நேரத்தில் பச்சைக்கு மேலே, தாளின் உச்சியில், வெளிர் மஞ்சளாக ஒரு கோடு தனியாகப் பிரிந்து நின்றது. பச்சை இலையிலிருந்து மஞ்சள்! மூத்தவள் டம்ளரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

மஞ்சள் நிறம் இலைக்குள் கோடை முழுக்க இருந்துகொண்டேதான் இருந்தது, பச்சை அதை மூடியிருந்தது என்று அவளுக்குச் சொன்னேன். குளிருக்கு முன் மரம் இலையிலுள்ள புரதங்களைப் பிரித்து நைட்ரஜனைக் கிளைக்குள் இழுத்துக்கொள்கிறது. அந்த வேலையில் பச்சையமும் சிதைந்துபோகிறது, கரோட்டினாய்டு என்கிற மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியில்லை. அந்தோசயனின் என்ற அந்த நிறம் பெரும்பாலும் இலை உதிரப்போகும் நேரத்தில் புதிதாக உண்டாவது, அதற்கு இலையில் தங்கிய சர்க்கரை வேண்டும். வெயிலான பகலும் குளிர்ந்த இரவும் தொடர்ந்து வந்தால் சிவப்பு கொழுந்துவிடுவது அதனால்தான். இப்படி நிறங்களைப் பிரித்துப் பார்த்தவர் மிகயீல் ட்ஸ்வெட் என்ற தாவரவியலாளர். கண்ணாடிக் குழாயில் சுண்ணாம்புத் தூளை அடைத்து இலைச்சாற்றை அதன் வழியாக இறக்கினார், 1906-இல் அந்த முறைக்குக் குரோமட்டோகிராஃபி என்று பெயரும் வைத்தார். ட்ஸ்வெட் என்றால் ரஷ்ய மொழியில் நிறம் என்று பொருள். இதைக் கேட்டதும் மூத்தவளுக்கு ஒரே சந்தோஷம், இரவு படுக்கும்வரை எல்லோரையும் "நிறம் மாமா தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

விடுமுறை தொடங்கியதும் காய்ந்த இலைகளை எடுத்து விளக்கு செய்தோம். காலிக் கண்ணாடிச் சாடி, மெல்லிய வெள்ளை டிஷ்யூ தாள், வெள்ளைப் பசையில் சரிபாதி தண்ணீர். சாடியின்மேல் டிஷ்யூ, அதன்மேல் இலை, இலைக்கு மேல் இன்னொரு பூச்சுப் பசை. முதல் சாடியில் இலை ஓரமெல்லாம் ஒரு மணி நேரத்தில் தூக்கிக்கொண்டது. பசையில் உள்ள தண்ணீர் பட்டுக் காய்ந்த இலை மறுபடி ஊறி வளைகிறது. அடுத்த சாடிகளுக்கு முதுகில் மட்டும் மெல்லிசாகப் பசை தடவி, காம்பையும் தடித்த நடுநரம்பின் அடிப்பகுதியையும் பிளேடால் சீவிவிட்டு, பழைய துணிப் பட்டையைச் சுற்றி இரவு முழுக்கக் கட்டி வைத்தேன். பிறகு அசையவில்லை. மேல்பூச்சு மறுநாள்.

உள்ளே மெழுகுவர்த்தி வைக்கவில்லை. காய்ந்த இலையும் தாளும் சுற்றியிருக்கும் இடத்தில் சுடர் வேண்டாம். பேட்டரியில் எரியும் சின்ன விளக்குதான் வைத்தேன், அதிலும் பட்டன் பேட்டரி உள்ளதைத் தவிர்த்தேன். குழந்தை அதை விழுங்கிவிட்டால் உணவுக்குழாய் சில மணி நேரத்தில் வெந்துபோகும். வீட்டில் அப்படிப்பட்ட விளக்கு ஏற்கெனவே இருந்தால், பேட்டரி மூடி திருகாணியால் பூட்டப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முதல் சாடியை ஏற்றிவிட்டு அறை விளக்கை அணைத்தோம். பகலில் பார்த்தபோது வெறும் சிவப்பாக இருந்த மேப்பிள் இலைக்குள் நரம்புகள் கிளை கிளையாகப் பிரிந்து, கடைசியில் கண்ணுக்குத் தெரியாத வலையாகிச் சுவரில் விழுந்தன. சின்னவன் சுவரில் இருந்த நிழல் நரம்பின்மேல் விரலை வைத்து நடந்துபோனான். நடுநரம்பிலிருந்து கிளைக்கு, கிளையிலிருந்து சின்னக் கிளைக்கு, அப்புறம் வழி தவறி மறுபடி நடுவுக்கு. கதவு சந்து வழியாக வந்த கொஞ்சம் வெளிச்சத்தில் அவன் காது மடலிலும் அதே மாதிரி நரம்புகள் தெரிந்தன. நான் யாரிடமும் சொல்லவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தாத்தா பாட்டிக்கு இரண்டு சாடி, எங்களுக்கு ஒன்று. மிச்ச இலைகளைத் தடித்த அட்டை உறையில் போட்டு அலமாரிக்குள் இருட்டில் வைத்திருக்கிறேன். வெளிச்சம் பட்டால் மஞ்சளும் சிவப்பும் நாளடைவில் வெளுக்கும். ஜன்னலோரம் ஒட்டிய இரண்டு கிங்கோ இலைகள் ஏற்கெனவே வைக்கோல் நிறத்துக்குப் போய்விட்டன.

பலகையில் மாற்ற வேண்டியவை இரண்டு. 22 சென்டிமீட்டர் அகலம் பெரிய மேப்பிள் இலைக்குப் போதவில்லை, அடுத்ததை 30-க்கு 40 ஆக வெட்டுவேன். விங் நட்டின் காது விளிம்பு கூர்மையாக இருக்கிறது, அரத்தால் மழுக்க வேண்டும். சின்னவன் ஒருநாள் "வலிக்குது" என்றான், அன்றைக்குச் செய்திருக்க வேண்டியது.

இப்போது பலகைக்குள் ஒரே ஒரு வரிசை மட்டும் இருக்கிறது. கடைசியாக உதிர்ந்தவற்றில் ஒன்றைச் சின்னவன் யார் உதவியும் இல்லாமல் உள்ளே வைத்தான். காம்பு மடங்கியிருந்ததா, இலை விரிந்திருந்ததா என்று நான் பார்க்கவில்லை. நாலு மூலையையும் அவனே பெயர் சொல்லித் திருகினான். ஞாயிற்றுக்கிழமை திறக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் எத்தனை தூக்கம் என்று காலையில் கேட்டான், மூத்தவள் நாள்காட்டியைப் பார்த்து "மூணு" என்றாள்.